அம்பு ஒட்டிய நுரையீரல் படம்

1

ஆண்டுக்கொரு முறை இர்பித் நகரத்து அரசு சுகாதார நிலையத்தில் என் அப்பாவின் பெயரைக் கூப்பிடுவார்கள். நான் எழுந்து போவேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த ஏஜெண்ட் எந்தக் கட்டத்தில் எதை நிரப்பினாரோ, இந்த நாட்டில் நான் அருளப்பன். சங்கரன்கோவில் சந்தையைத் தாண்டி அதிகம் போகாத மனிதர் என் அப்பா. செத்த பிறகு ஜோர்டானில் வருஷம் தவறாமல் இரத்தம் கொடுக்கிறார், நெஞ்சுப் படம் எடுத்துக்கொள்கிறார்.

இகாமா என்று இங்கே சொல்லும் தங்கும் அட்டையைப் புதுப்பிக்க இந்த இரண்டும் வேண்டும். படத்தில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் விசாரிப்பார்கள். விசாரணை சரிப்படாவிட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எங்கள் தொழிற்பேட்டையில் வங்காளதேசத்துக்காரர்கள், இலங்கைக்காரர்கள், நேபாளிகள் எல்லோரும் ஒரே பஸ்ஸில் வருவோம். போகும்போது பேச்சு இருக்காது. திரும்பும்போது ஆளாளுக்குப் பாட்டுப் போடுவார்கள்.

இந்த வருஷம் படம் எடுத்தவன் சின்னப் பையன். சட்டையைக் கழற்றச் சொன்னான். மோவாயைப் பலகை மேல் வைத்து, தோளை முன்னால் தள்ளி, குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டி நிற்க வேண்டும். "நஃபஸ்" என்றான். மூச்சு என்று அர்த்தம். இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். அந்த நேரம் பார்த்து இருமிவிட்டேன். "இன்னொரு முறை" என்று கையைக் காட்டினான். "ஐவாங்க" என்றேன். ஐவா என்றால் அரபியில் ஆமாம். பின்னால் ஒட்டியிருக்கும் 'ங்க' திருப்பூர்ச் சரக்கு. பத்து வருஷமாக அதை எடுக்க முடியவில்லை. திருப்பூருக்கு வருவதற்கு முன்னால் நான் திருநெல்வேலிப் பேச்சுப் பேசினவன்.

அவன் இயந்திரத்தைச் சரிசெய்யும் வரை அப்படியே நின்றேன். அப்போது என் தம்பி செல்வத்தின் படம் ஞாபகத்துக்கு வந்தது. அதில் சிவப்பு அம்புகள் ஒட்டியிருக்கும்.

2

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஓட்டலில் இலை எடுத்தேன், லாரியில் கிளீனராகச் சுற்றினேன், நாகர்கோவிலில் ஒரு வருஷம், பெங்களூரில் ஒரு வருஷம். எங்கேயும் தங்கவில்லை. யாரோ திருப்பூரில் வேலை கிடைக்கும் என்றார்கள். வந்தேன். வீரபாண்டியில் ஒரு கம்பெனியில் கட்டிங் டேபிளில் துணி விரிக்க விட்டார்கள். அங்கேதான் அதிக நாள் இருந்தேன். துணியை அடுக்கி வெட்டக் கற்றுக்கொண்டு கட்டிங் மாஸ்டர் ஆனதும் மறுபடியும் கால் அரித்தது. இங்கே வந்துவிட்டேன். கல்யாணம் செய்துகொள்ள நேரம் அமையவில்லை.

செல்வத்தை நான்தான் திருப்பூருக்குக் கூட்டி வந்தேன். அவன் என்னைப் போல இல்லை. வந்த இடத்தில் வேர் விட்டுவிட்டான். துணி செக்கிங்கில் சேர்ந்தான். சாயம் போட்டு வரும் பனியன் துணியை வெளிச்சம் எரியும் கண்ணாடி மேஜை மேல் ஓடவிட்டு, ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க் கறை என்று ஒவ்வொரு கோளாறாகப் பிடிக்கும் வேலை. கோளாறு தெரிந்த இடத்தில் சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கோளாறின் நீளத்தைப் பார்த்து ஒன்றிலிருந்து நான்கு வரை பாயிண்ட் போடுவார்கள். கடைசியில் மொத்தப் பாயிண்ட் ஒரு அளவுக்குள் இருந்தால் அந்த ரோல் பாஸ். மீறினால் சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான். செல்வம் பாஸ் என்றால் முதலாளியும் மறுபேச்சுப் பேசமாட்டார். அவனுக்கு அதில் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அவன் மனைவி ஜெபா அதே கம்பெனியில் கடைசி செக்கிங்கில் இருந்தாள். தைத்து முடிந்த பனியனைப் பார்க்கும் இடம். ஒரே மகள் கிரேஸ். மூவரும் வீரபாண்டியில் சரசக்கா என்பவரின் லைன் வீட்டில் குடியிருந்தார்கள். சரசக்கா குடும்பத்துக்குக் குண்டடம் பக்கம் தோட்டம் இருக்கிறது. அவர் இங்கே வீடுகளை வாடகைக்கு விட்டுக்கொண்டு, காரைத் தானே ஓட்டிக்கொண்டு, எல்லோரையும் "கண்ணு" என்று அதட்டிக்கொண்டு இருப்பார்.

கொரோனாவின் இரண்டாம் அலை வந்தபோது கம்பெனிகளை மூடினார்கள். செல்வத்துக்குக் காய்ச்சல்.

3

அந்த நாட்களில் மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் டெஸ்ட்டின் முடிவு வர நாளாகும். அதற்குள் ஆள் என்ன ஆவானோ என்ற பயத்தில் எல்லோரும் நேராக ஸ்கேன் சென்டருக்குப் போனார்கள். நுரையீரலை சி.டி. எடுத்தால் உடனே ஒரு எண் தருவார்கள். இருபத்தைந்துக்கு இத்தனை. திருப்பூரில் அப்போது ஆளைப் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை, ஸ்கோர் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள் என்று ஜெபா சொல்வாள்.

செல்வமும் போய் எடுத்தான். இங்கே எனக்கு மதியச் சாப்பாட்டு நேரம். ரொட்டியை வெங்காயத்தோடு மென்றுகொண்டிருந்தபோது வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. கறுப்பு ஃபிலிம். அதில் நுரையீரல் துண்டு துண்டாக வரிசை வரிசையாக. அதன் மேல் ஆங்காங்கே சிவப்பு அம்புகள்.

கூப்பிட்டேன்.

"ஏலே, என்னது இது?"

"என் நெஞ்சுண்ணே" என்றான். குரலில் உற்சாகம். "டாக்டரு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சுப் பாத்தாரு. எனக்குத் திருப்தியா இல்ல. பக்கத்துத் தெருவுல செக்கிங் மிஷின் ஒண்ணு சும்மா கெடக்கு. வாட்ச்மேன்ட்ட சொல்லிட்டு மேஜ மேல போட்டு லைட்டப் போட்டேன். அடேயப்பா, என்னா தெளிவு! வெள்ளையா புகை மாதிரி இருக்க எடத்துலெல்லாம் அம்பு ஒட்டிட்டேன். ரிப்போர்ட்ல அவங்க பிடிச்சத எல்லாம் நானும் பிடிச்சிட்டேம்ணே."

"காய்ச்சலோட அங்க எதுக்குல போன?"

"மாஸ்க் போட்டுத்தான் போனேன். கேளு. நுரையீரல அஞ்சு பாகமாப் பிரிக்காங்க. ஒரு பாகத்துக்கு அஞ்சு பாயிண்ட்டு. மொத்தம் இருவத்தஞ்சு. கோளாறு கூடக்கூட பாயிண்ட்டு கூடும். நம்ம சிஸ்டந்தாம்ணே! எவனோ துணிக்காரன்ட்டருந்துதான் எடுத்திருக்கான்."

"உனக்கு எத்தனை?"

"எட்டு. எட்டெல்லாம் கண்ண மூடிட்டு பாஸ்."

நான் சிரித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இலங்கைக்காரர் என்ன என்று கேட்டார். ஃபிலிமைக் காட்டினேன். அவரும் சிரித்தார். எல்லோரும் துணி பார்த்தே வயிறு வளர்க்கிறவர்கள். எட்டு என்ற எண் எங்கள் யாருக்கும் பயமாகத் தெரியவில்லை.

டாக்டர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். ஸ்கேன் இப்போதைக்கு லேசாகத்தான் இருக்கிறது என்பது ஒன்று. இரத்தத்தில் சில அளவுகள் கூடியிருக்கின்றன, இரண்டு நாள் கழித்து மறுபடியும் இரத்தம் கொடுக்க வேண்டும், மூச்சையும் ஆக்சிஜனையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. செல்வம் முதல் விஷயத்தோடு எழுந்து வந்துவிட்டான்.

4

இரத்தப் பரிசோதனைத் தாளைப் பற்றிச் சொல்லிக் கூப்பிட்டது கிரேஸ். அப்போது பத்தாம் வகுப்போ பதினொன்றோ. திருப்பூரில் பிறந்த பிள்ளை. எங்கள் அம்மா இருந்திருந்தால் இவளுடைய கொங்குப் பேச்சைக் கேட்டு யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்திருப்பாள்.

"பெரியப்பா, அப்பா ஊட்ல அழிச்சாட்டியம் பண்றாருங்க. மறுபடி இரத்தம் குடுக்க வரமாட்டேங்கறாருங்க."

"என்ன இருக்கு அந்தப் பேப்பர்ல?"

படித்தாள். சி.ஆர்.பி. என்று ஒன்று, டி-டைமர் என்று ஒன்று, ஃபெரிட்டின் என்று ஒன்று. மூன்றும் இருக்க வேண்டிய அளவுக்கு மேலே. வெள்ளணுக்களில் ஒரு வகை அளவுக்குக் கீழே. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னால் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். முதலாவதும் மூன்றாவதும், உடம்புக்குள் எவ்வளவு அழற்சி இருக்கிறது என்று சொல்பவை. இரண்டாவது, இரத்தம் உறைந்து கட்டிக்கொள்ளும் போக்கு இருக்கிறதா என்று காட்டுவது. ஸ்கேன் இன்றைய நிலைமையைக் காட்டுகிறது. இந்த அளவுகள் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், உள்ளே சண்டை மோசமாகிறது என்று டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் எடுத்த ஸ்கேனுக்கு ஏழாம் நாளைப் பற்றி ஒன்றும் தெரியாது.

செல்வத்துக்கு இது பிடிபடவில்லை. பிடிபடாததில் நியாயம் இருந்தது. அவன் மேஜையில் பாஸ் ஆன ரோல் மறுநாள் காலையிலும் அப்படியேதான் இருக்கும். ராத்திரியோடு ராத்திரியாகத் துணியில் புது ஓட்டை விழாது. இருபது வருஷமாக அவன் பார்த்தது அதைத்தான்.

போனை ஜெபா வாங்கினாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசினாள். செல்வம் உள்ளறையில் படுத்திருக்கிறான் என்பது இருமலில் தெரிந்தது.

"அத்தான், வெரல்ல மாட்டுத மிஷின் ஒண்ணு சரசக்கா குடுத்தாங்க. ஆக்சிஜன் தொண்ணூத்தி மூணு காட்டுச்சு. இவரு என்ன செய்தாரு தெரியுமா? கைய நல்லாத் தேச்சுச் சூடாக்கி, பத்து வெரல்லயும் மாட்டிப் பாத்து, எதுல கூட காட்டுதோ அந்த வெரலக் காட்டி தொண்ணூத்தி அஞ்சுங்காரு."

"வேற வெரல்ல சரியாப் படலைட்டி" என்று உள்ளேயிருந்து குரல்.

"நல்ல ரோலா நாலு மேல அடுக்கி வச்சுக் காட்டுத சாயப்பட்டறைக்காரன வையிவீங்கள்லா? இப்ப நீங்க என்ன செய்யுதீங்க?"

இருமல் மட்டும் வந்தது. முந்தின நாளைவிட நீளமாக இருந்தது.

நான் என் பங்குக்கு, "ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டு வாயேம்ல" என்றேன்.

"எங்கண்ணே எடம் இருக்கு? வெளிய வண்டியெல்லாம் வரிசையா நிக்கி. எட்டுக்காரன் போய்ப் படுத்தா இருவதுக்காரன் எங்க படுப்பான்? பாஸ் ஆன துணி எதுக்குப் பட்டறைக்கு?"

இதை அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் மூச்சுக்கு நின்றான்.

அப்போது ஜெபா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவள் சத்தம் போடவில்லை.

"ஒங்க மேஜையில பாஸ் ஆன துணியில தச்ச பனியன், வாஷ் பண்ணிட்டு வந்தா எப்படி இருக்கும்னு ஒங்களுக்கு என்ன தெரியும்? அது என் மேஜைக்குல்லா வரும். நாலு வெரக்கட சுருங்கி, சைடுத் தையல் வயித்துக்கு முன்னால முறுக்கிட்டு வந்து நிக்கும். ஓட்டையும் இருக்காது, கறையும் இருக்காது. ஆனா போட முடியாது. எத்தன தடவ திருப்பி அனுப்பியிருக்கேன். ஒங்க அம்பு ஒண்ணும் அதுல கெடையாது."

உள்ளே பாய் சரசரத்தது.

"எந்திரிங்க. வாசல்ல இந்த முக்குலருந்து அந்த முக்கு வர நடங்க. நடந்துட்டு வந்து அதே வெரல நீட்டுங்க. நான் வாஷ் பண்ணிப் பாக்கணும்."

நடந்தான். லைன் வீட்டு வாசல் அப்படி ஒன்றும் நீளம் இல்லை. போனைக் கையில் பிடித்துக்கொண்டு நான் தொழிற்சாலைச் சுவரோரம் நின்றேன். பெல் அடித்துவிட்டது, உள்ளே போகவில்லை. கிரேஸ் எண்ணைச் சொன்னாள்.

"எம்பத்தெட்டுங்க பெரியப்பா."

5

ஆம்புலன்ஸ் கேட்டால் காத்திருக்கச் சொன்னார்கள். சரசக்கா கார் சாவியோடு வாசலுக்கு வந்துவிட்டார். முகத்துக்கு இரண்டு மாஸ்க், தலைக்கு ஒரு துண்டு. நோய் ஒட்டும் என்று அந்தத் தெருவில் கதவைச் சாத்தாதவர்கள் யாரும் இல்லை.

"அக்கா, உங்களுக்கு ஒட்டிக்கிருமுங்க" என்று செல்வம் இழுத்திருக்கிறான்.

"அட, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொகூர்த்தம் பாக்கறீங்களா? கண்ணாடியெல்லாம் எறக்கி உட்டாச்சு. பேசாம ஏறுங்க சாமி. ஜெபா, அந்தப் படத்த எடுத்துக்க கண்ணு. அந்த இரத்தத் தாளையும்."

முதல் ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் வாசலில் நின்ற டாக்டரம்மா ஃபிலிமை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாராம்.

"யாருங்க இதுல ஸ்டிக்கர் ஒட்டினது?"

"பேஷண்ட்தாங்க" என்றிருக்கிறார் சரசக்கா. "துணி செக்கிங்ல இருக்கறாருங்க. கையி சும்மா இருக்காது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஃபிலிமின் தேதியைப் பார்த்தார், இரத்தத் தாளைப் பார்த்தார், செல்வத்தின் விரலில் மிஷினை மாட்டிப் பார்த்தார். நடைபாதையில் ஒரு நாற்காலியும் ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் கிடைத்தன. மறுநாள் கட்டில் கிடைத்தது. அந்தக் கட்டில் எப்படிக் காலியானது என்று ஜெபா கேட்கவில்லை.

மறுபடி எடுத்த இரத்தத்தில் முதலில் சொன்ன மூன்று அளவும் பல மடங்கு ஏறியிருந்தன. மறுபடி எடுத்த ஸ்கேனில் எண் பதினேழு. அவனைக் குப்புறப் படுக்க வைத்தார்கள். ஸ்டீராய்டு போட்டார்கள், இரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றில் ஊசி போட்டார்கள். பேச விடவில்லை.

நான் இங்கிருந்து போக விமானம் இல்லை. இருந்தாலும் போய் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. தினமும் பத்தாயிரம் பனியனுக்குத் துணி வெட்டினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிரேஸ் அன்றைய சி.ஆர்.பி.யை அனுப்புவாள். வெறும் எண்தான், வேறு வார்த்தை இருக்காது. இலங்கைக்காரர் என் முகத்தைப் பார்த்தே ஏறியதா இறங்கியதா என்று தெரிந்துகொள்வார். ஏறிய நாட்களில் மரமியா என்ற வாசனை இலை போட்ட தேநீரை என் பக்கம் நகர்த்தி வைப்பார். ஒரு நாள் எண் இறங்கியது. மறுநாளும் இறங்கியது. மூன்றாவது நாள் அவர் தேநீரை எடுத்துத் தானே குடித்துவிட்டார்.

சரசக்காவுக்கும் பின்னால் காய்ச்சல் வந்தது, லேசாக வந்து போய்விட்டது. "நான் பாஸ்" என்று எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினார்.

6

செல்வம் வீட்டுக்கு வந்துவிட்டான். பழைய செல்வமாக வரவில்லை. நுரையீரலில் கொஞ்சம் தழும்பு நின்றுவிட்டது என்றார்கள். சாயத் துணியின் வாடை பட்டால் இருமல் வருகிறது. கம்பெனியில் அவனை மேஜையிலிருந்து எடுத்து, வாஷ் டெஸ்ட் பார்க்கும் அறையில் உட்கார வைத்தார்கள். துணியில் ஒரு சதுரம் வெட்டி, அளந்து கோடு போட்டு, துவைத்துக் காயவைத்து, மறுபடி அளக்கும் வேலை. மாடி ஏற வேண்டாம். ஜெபாவுக்கு இதைவிடப் பெரிய சிரிப்பு வேறு இல்லை.

கிரேஸ் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். பனியன் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எனக்குச் செய்தி அனுப்பினால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுகிறாள். பெரியப்பா என்பதையும் சுருக்கிவிட்டாள், 'peba' என்று நாலே எழுத்து. ஒரு காலத்தில் தினமும் ஒரு எண் மட்டும் அனுப்பினவள்தானே என்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பண்டிகைக்கு ஒரு முறை பேசுகிறாள். நானும் எங்கள் வீட்டுக்கு அவ்வளவுதான் பேசினேன்.

அந்த இரண்டு ஃபிலிமும் அவர்கள் வீட்டு பீரோ மேல் கிடக்கின்றன. போன முறை விடுமுறைக்குப் போனபோது எடுத்துப் பார்த்தேன். முதல் படத்தில் அம்புகள் அப்படியே ஒட்டியிருக்கின்றன, ஒன்றிரண்டின் ஓரம் மட்டும் சுருண்டிருக்கிறது. ஒவ்வொன்றும் சரியான இடத்தில்தான் நிற்கிறது. தொழிலில் அவனைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது படத்தில் ஒரு அம்பும் இல்லை.

"இதுக்கு ஏன் ஒட்டல?"

"எங்கேண்ணே ஒட்ட?" என்றான். "எல்லாமே வெள்ளையால்லா கெடக்கு."

இந்த வருஷத்து மெடிக்கல் முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அவனைக் கூப்பிட்டேன். பின் வரிசையில் நேபாளிப் பையன்கள் பாட்டுப் போட்டிருந்தார்கள்.

"படம் எடுத்தாச்சாண்ணே? என்ன சொன்னாங்க?"

"ஒரு படத்துல இருமிட்டேன். ரெண்டாவது எடுத்தான். சரியா இருக்குன்னு தலைய ஆட்டினான். பாஸ்தான்."

"இரத்தம்?"

"குடுத்தேன். முடிவு வர நாளாகும்."

செல்வம் ஏதோ சொல்ல ஆரம்பித்து நின்றான். இப்போதெல்லாம் நீளமாகப் பேசும்போது நடுவில் ஒரு மூச்சு எடுத்துக்கொள்கிறான். அந்த இடைவெளியில் நான் பேசுவதில்லை. மூச்சு முழுசாக உள்ளே போய் வெளியே வருவது போனில் கேட்கும். கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூச்சு வந்தது.

"அப்ப இன்னும் வாஷுக்குப் போகல" என்றான். "அதுக்குள்ள பாஸ்ங்காத."